தோலின் அடிச்சாயல்: வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய ஒன்று

சித்தி மகளின் கல்யாணத்துக்கு நான்தான் அலங்காரம் செய்தேன். அப்போது கை பழகிக்கொண்டிருந்த காலம். "கொஞ்சம் வெளுப்பாத் தெரியுற மாதிரி போட்டு விடும்மா" என்று சித்தி சொன்னார். முதல் நாள் ரங்கூன் தெய்ஞ்சி சந்தைக்குப் போய், கடைக்குள் எரிந்த எல்இடி விளக்கில், அவள் புறங்கையில் தடவிப் பார்த்து ஒரு ஃபவுண்டேஷன் வாங்கினோம். அவள் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பு, அதில் கொஞ்சம் ரோஸ். அலங்கார அறைக் கண்ணாடியில் அழகாகத்தான் தெரிந்தது. தாலி கட்டி முடிந்து, கோயில் வாசலில் வெயிலில் நின்று எடுத்த போட்டோவில் முகம் சாம்பல் பூத்திருந்தது. கழுத்து தேன் நிறம், முகம் விபூதி நிறம். காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த பெண்ணைப் போல இருந்தாள். அந்த ஆல்பம் இன்னும் சித்தி வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை யாராவது எடுத்துப் பிரித்தால் எனக்கு மனசு கஷ்டப்படும்.

வெளுப்பு கூடிப்போனதுதான் தப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. அவள் தோல் மஞ்சளோடிய தோல். நான் பூசியது ரோஸ் ஓடிய பூச்சு. இரண்டும் சேர்ந்தபோது ஒன்றையொன்று அடித்துச் சாம்பலாக்கிவிட்டன. தோலுக்கு அடியில் ஓடும் அந்த மஞ்சளையோ ரோஸையோதான் 'அண்டர்டோன்' என்கிறார்கள். நான் அடிச்சாயல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நாம் ஒருவரின் நிறத்தைக் கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று மூன்று படியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அது நிறத்தின் அழுத்தம், அதாவது எவ்வளவு அடர்த்தி என்ற கணக்கு. அடிச்சாயல் அதற்குக் குறுக்கே ஓடுகிற வேறொரு கணக்கு. அக்கா தங்கை இருவரும் ஒரே அளவு மாநிறமாக இருப்பார்கள். ஒருத்தியின் தோல் வெல்லப்பாகு மாதிரி இருக்கும், இன்னொருத்தியின் தோல் செம்பருத்திச் சாயம் லேசாகக் கலந்த மாதிரி இருக்கும். ஒரே லிப்ஸ்டிக் ஒருத்திக்குப் பொருந்தி மற்றவளுக்கு ஒட்டாமல் தனியாக நிற்பது இதனால்தான். வெயிலில் அலைந்தால் அழுத்தம் கூடும், வீட்டுக்குள்ளேயே இருந்தால் குறையும். அடிச்சாயல் அவ்வளவு சுலபமாக மாறாது.

இந்த நிறமெல்லாம் எங்கிருந்து வருகிறது? முக்கியமானது மெலனின் என்ற நிறமி. அதில் பழுப்பும் கறுப்புமாக ஒரு வகை, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வகை. இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதற்குக் கீழே மெல்லிய ரத்தக் குழாய்களின் சிவப்பு. அப்புறம், நாம் தின்கிற காரட், பரங்கி, பப்பாளி, கீரையிலிருந்து வரும் கரோட்டின் தோலில் கொஞ்சம் மஞ்சளைச் சேர்க்கிறது. இவை எல்லாவற்றின் வழியாகவும் வெளிச்சம் உள்ளே போய் திரும்பி வருகிறது. திரும்பி வரும் வெளிச்சத்தைத்தான் நாம் நிறம் என்று பார்க்கிறோம்.

நம் பழைய பாட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. சங்கப் பாட்டுகளில் வரும் 'மாமை' மாந்தளிரின் நிறம். மாமரம் துளிர்விடும்போது அந்த இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: செம்பும் பழுப்பும் கலந்து, மேலே ஒரு மினுமினுப்பு. பிரிவில் வாடுகிறவளின் மேனியில் படர்கிற மஞ்சள் வெளிறலுக்குப் 'பசலை' என்று தனிப் பெயர் வைத்தார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தவர்களின் மொழியைப் பேசிக்கொண்டே, கல்யாணப் பேச்சில் மட்டும் "பெண் சிவப்பா?" என்ற ஒரே கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

அடிச்சாயலை நான்காகப் பிரிப்பது வழக்கம். மஞ்சள், பொன், பீச் பழ நிறம் ஓடினால் வார்ம். ரோஸ், சிவப்பு, நீலம் ஓடினால் கூல். இரண்டும் சமமாக இருந்தால் நியூட்ரல். நான்காவது ஆலிவ்: லேசான பச்சையும் சாம்பலும் ஓடுகிற தோல். நம் ஆட்களில் ஆலிவ் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் பாதிப் பேருக்கு அது தெரியாது. எந்த ஃபவுண்டேஷன் போட்டாலும் ஒன்று ஆரஞ்சாக, இல்லாவிட்டால் ரோஸாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆலிவைத்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வார்ம் என்றால் சூடு, கூல் என்றால் குளிர்ச்சி என்று விளக்கியதும், "எனக்குச் சூட்டு உடம்பு, அப்படியானால் வார்ம்தானே?" என்று கேட்டவர்கள் உண்டு. உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நெருப்பின் பக்கம் இருக்கும் மஞ்சளையும் ஆரஞ்சையும் சூட்டு நிறங்கள் என்றும், தண்ணீரின் பக்கம் இருக்கும் நீலத்தைக் குளிர் நிறம் என்றும் ஓவியர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் இங்கே வந்திருக்கிறது. கறுத்த தோல் எல்லாம் வார்ம், வெளுத்த தோல் எல்லாம் கூல் என்பதும் தப்பு. நீலம் ஓடிய, கருநாவல் மாதிரியான ஆழ்ந்த நிறம் கொண்ட பெண்களுக்கு நான் அலங்காரம் செய்திருக்கிறேன். அவர்கள் தெளிவான கூல்.

சரி, பார்ப்பது எப்படி? முதலில் முகத்தைச் சுத்தமாகக் கழுவுங்கள். ரங்கூனில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் முகத்தில் தனக்கா இருக்கும். சந்தனம் இழைக்கிற மாதிரி வட்டக் கல்லில் தண்ணீர் விட்டுத் தனக்காக் கட்டையை இழைத்துப் பூசும்போது ஈரத்தில் ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகுதான் இளமஞ்சளாக எழும்பும். அந்தத் தூள் காதோரத்திலும் மயிர்க்கால்களிலும் தங்கிவிடும். கழுவிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் எல்லோருமே மஞ்சளோடிய தோலாகத்தான் தெரிவார்கள். தனக்கா எடுக்கிற மரங்களில் ஒன்றைத் தமிழில் மகாவில்வம் என்கிறோம். நல்ல பொருள், நானும் தினம் பூசுகிறவள்தான். சாயல் பார்க்கும் நாளில் மட்டும் வேண்டாம். நலங்கு மஞ்சளுக்கும் இதே விதி. மஞ்சள் தோலில் சாயமாகவே ஏறிவிடும், போக இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் மணப்பெண்ணுக்கு ஷேடு பார்க்கும் வேலையை நலங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். முகம் கழுவித் துடைத்ததும் தோல் சிவந்திருக்கும். அது அடங்க ஒரு கால் மணி நேரம் விடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஒரு பொருளின் நிறம் அதன்மேல் விழும் வெளிச்சத்தைப் பொறுத்தது. மஞ்சள் பல்பில் எல்லாமே பொன்னாகத் தெரியும். வெள்ளை டியூப் லைட்டில் நீலம் ஏறும். கரண்ட் போனதும் எடுத்து வைக்கிற பேட்டரி விளக்கு இருக்கிறதே, அதில் சிவப்பு செத்துப்போய்விடும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறொரு விளக்கில் இரண்டாகப் பிரிவதும் உண்டு. சித்தி மகள் விஷயத்தில் எனக்கு நடந்தது அதுதான். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் நேராக விழாத வாசலில் நில்லுங்கள். பக்கத்துச் சுவர் பச்சையாகவோ நீலமாகவோ அடித்திருந்தால் அந்த நிறமும் முகத்தில் வந்து விழும்; இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இரண்டு துணிகளை வைத்துச் செய்வது. ஒன்று நீலம் போட்டு வெளுத்த வெள்ளை வேட்டி. இன்னொன்று வெளுக்காத காடாத் துணி. இரண்டும் வெள்ளை என்றுதான் சொல்வோம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று நீல வெள்ளை, ஒன்று மஞ்சள் வெள்ளை. கூந்தலைப் பின்னால் கட்டி, நகைகளைக் கழற்றி, வேட்டியைத் தோளைச் சுற்றித் தாடைக்குக் கீழ் வரை மூடுங்கள். கண்ணாடியில் துணியைப் பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைப் பாருங்கள், வாயோரத்துக் கறுப்பைப் பாருங்கள், தாடையின் ஓரக்கோட்டைப் பாருங்கள். இப்போது வேட்டியை எடுத்துவிட்டுக் காடாவைப் போடுங்கள். இரண்டில் ஒன்றில் கருவளையம் ஆழமாகி, வாயோரம் அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். மற்றதில் முகம் ஒரே சீராக, நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். காடாவில் முகம் தெளிந்தால் வார்ம் பக்கம். நீல வெள்ளையில் தெளிந்தால் கூல் பக்கம். இரண்டிலும் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் நியூட்ரலாக இருக்கலாம். காடாவில் மஞ்சள் காமாலை மாதிரியும் வெள்ளையில் சாம்பல் மாதிரியும் தெரிந்தால் ஆலிவ் என்று எடுத்துக்கொள்ளலாம். நாலைந்து முறை மாற்றி மாற்றிப் போட வேண்டும். முதல் தடவையில் கண் பழகாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. நம் முகத்தை நாம் தினம் பார்த்துப் பழகிவிட்டதால் அதன் நிறம் நமக்கே தெரிவதில்லை.

தங்கமா வெள்ளியா என்ற சோதனையும் இதே அடிப்படைதான். தங்கத்தில் தோல் தெளிந்தால் வார்ம், வெள்ளியில் தெளிந்தால் கூல். ஆனால் பர்மாத் தங்கத்தில், அதுவும் பதினாறு பே என்று சொல்கிற இருபத்துநாலு காரட் சொக்கத் தங்கத்தில், நம் கண்ணும் மனசும் ஊறிப்போயிருக்கின்றன. தங்கம் போட்டால் அழகு என்று தீர்மானித்துவிட்டுத்தான் கண்ணாடி பார்க்கிறோம். அதனால் இதைத் துணிச் சோதனைக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு நரம்பைப் பார்க்கச் சொல்வது எல்லா இடத்திலும் இருக்கிறது. நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல் என்பார்கள். அந்தக் குழாய்களுக்குள் ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம்தான். வெளிச்சம் தோலுக்குள் சிதறித் திரும்புவதால் நீலமாகத் தெரிகிறது, மேலே மஞ்சள் இருந்தால் அது பச்சையாகத் தோன்றுகிறது. காரணம் சரிதான். ஆனால் மெலனின் கூடிய தோலில் நரம்பே சரியாகத் தெரியாது, குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதாலும் நிறம் மாறும். கறுத்த பெண்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லிக் குழப்புவதை நான் விட்டுவிட்டேன்.

வெயிலில் தோல் சிவந்து எரிந்தால் கூல், கறுத்தால் வார்ம் என்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். வெயிலுக்குத் தோல் எரிகிறதா கறுக்கிறதா என்று வகைப்படுத்தும் முறையைத் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-இல் உருவாக்கினார். முதலில் அது வெள்ளைத் தோல்களுக்கு மட்டும் இருந்தது. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கான வகைகளைப் பின்னால்தான் சேர்த்தார்கள். அது சொல்வது வெயில் தாங்கும் திறனை. சாயலைப் பற்றி அது பேசவே இல்லை. கேமராவும் கணினியும் மனிதத் தோலைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் வெளுப்பு கறுப்பு அளவு மட்டும் போதாது, சிவப்பிலிருந்து மஞ்சள் வரையிலான சாயலையும் அளக்க வேண்டும் என்று சோனி நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2023-இல்தான் எழுதினார்கள். மாந்தளிரைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

இனி ஃபவுண்டேஷன். எந்தக் கம்பெனியின் புட்டியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நிறப்பொடி பெரும்பாலும் நான்குதான்: டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை, பிறகு மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். கோயில் சுவரில் அடிக்கிற காவியின் சிவப்பும் இதே இரும்பு ஆக்சைடின் நிறம்தான். மஞ்சள் பொடியைக் கூட்டினால் வார்ம் ஷேடு, சிவப்பைக் கூட்டினால் கூல் ஷேடு. வெள்ளை கூடிய பூச்சு மாநிறத் தோலின்மேல் உட்காரும்போது அடியில் இருக்கும் பழுப்பு அதன் வழியே சாம்பலாகத் தெரிகிறது. "வெளுப்பாப் போட்டு விடு" என்ற ஆசை சாம்பலில் போய் முடிவது இப்படித்தான். ஆகவே அழுத்தத்தில் ஒரு படிகூடக் குறைக்க வேண்டாம் என்று மணப்பெண்ணின் அம்மாவிடம் இப்போதெல்லாம் நான் உட்கார்ந்து பேசிவிடுகிறேன். பெண்ணின் நிறம் எதுவோ அதுவேதான் பூச்சின் நிறம்.

ஷேடு பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பொதுவாக 'டபிள்யூ' வார்ம், 'சி' கூல், 'என்' நியூட்ரல். ஆனால் மேக் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தில் 'என்சி' என்பது மஞ்சளோடிய தோலுக்கு, 'என்டபிள்யூ' என்பது ரோஸ் ஓடிய தோலுக்கு. மற்றவர்களுக்கு நேர் தலைகீழ். இது தெரியாமல் வாங்கிவிட்டுத் தன் தோலைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் கறுத்த தோலுக்கு இரண்டு மூன்று ஷேடுதான் கிடைக்கும், அதுவும் செங்கல் நிறத்தில். 2017-இல் ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்தில் 40 ஷேடுகளை இறக்கிய பிறகு மற்ற கம்பெனிகளுக்கும் கூட்டவேண்டிய நெருக்கடி வந்தது. இங்கே கடைகளில் அத்தனையும் வந்து சேர்வதில்லை. பக்கத்துப் பக்கத்து ஷேடுகள் இரண்டை வாங்கிக் கலந்துகொள்வதில் ஒரு தப்பும் இல்லை. நானே அப்படித்தான் செய்கிறேன்.

புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். கை வெயில் பட்ட நிறம். தாடையிலிருந்து கழுத்தை நோக்கி, விரலகலத்தில் மூன்று கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இழுங்கள்: ஒன்று மஞ்சளோடியது, ஒன்று நடு, ஒன்று ரோஸ் ஓடியது. மூன்றும் ஒரே அழுத்தமாக இருக்கட்டும். உடனே முடிவு செய்யாமல் இருபது நிமிடம் விடுங்கள். தோலின் எண்ணெய் கலந்து, பூச்சு காய்ந்து, பல ஃபவுண்டேஷன்கள் கொஞ்சம் கறுத்து ஆரஞ்சுப் பக்கம் சாயும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், நம் ஊரில் டீக்கடைக்கா பஞ்சம்! பிறகு வாசலில் நின்று பாருங்கள். ரோஸ் தூக்கலாக எழும்பி நிற்பதைத் தள்ளுங்கள், ஆரஞ்சாக எரிவதைத் தள்ளுங்கள்.

உதட்டுக்கும் துணிக்கும் வருவோம். ஒரு நிறத்தை 'எனக்கு ஆகாது' என்று ஒதுக்க வேண்டியதில்லை. எந்த நிறத்திலும் இரண்டு பக்கம் உண்டு. சிவப்பையே எடுங்கள். மோகோக் சுரங்கத்து நல்ல மாணிக்கத்தையும் ஒரு பவளத்தையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சிவப்பு, மாணிக்கத்தின் உள்ளே ஒரு துளி நீலம் இருக்கும், பவளத்தில் ஆரஞ்சு இருக்கும். கூல் தோலுக்கு மாணிக்கச் சிவப்பு லிப்ஸ்டிக், வார்ம் தோலுக்குப் பவளச் சிவப்பு. பச்சையிலும் அப்படித்தான்: வார்முக்கு வாழைக்குருத்துப் பச்சை, கூலுக்கு மரகதப் பச்சை. மஞ்சளில் மாம்பழ மஞ்சள் ஒரு பக்கம், எலுமிச்சை மஞ்சள் இன்னொரு பக்கம். ராணி கலரும் கத்தரிப்பூவும் கூலுக்கு எடுப்பாக இருக்கும். செங்கல், கடுகு, தாமிரம் வார்முக்கு. ஆலிவ் தோலுக்கு அரக்கும் பிளம் நிறமும் நான் தயங்காமல் கொடுப்பேன்.

ஒரு நிறம் பக்கத்தில் இருக்கும் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை நெசவுக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். பாரிஸில் கோபெலின் திரைச்சீலைத் தறிகளின் சாயப் பிரிவுக்கு 1824-இல் தலைவராக வந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கடித்தன. தாடைக்குக் கீழே இருக்கும் துணியும் நம் முகத்தில் அதே வேலையைச் செய்கிறது. அதனால் முகத்துக்கு ஒட்டிய இடம்தான் முக்கியம். லுங்கி எந்த நிறத்திலும் இருக்கட்டும், இடுப்புக்குக் கீழே இருப்பது முகத்தைத் தொடாது. மேலே போடுகிற ஏஞ்சிச் சட்டையின் நிறத்தில் கவனம் வையுங்கள். சேலையானால் ரவிக்கையும் தோளில் விழும் முந்தானையும். பிடித்த சேலை சாயலுக்கு எதிராக இருந்தால் ரவிக்கையை மாற்றினால் போதும், சேலையைக் கைவிட வேண்டாம். கருவளையத்தின் நீலச் சாம்பலை லேசான ஆரஞ்சு கரெக்டர் பூச்சு அடக்குவதும் இந்த எதிர் நிறக் கணக்குதான். அதை ஃபவுண்டேஷனுக்கு அடியில், கண்ணுக்குக் கீழே மட்டும், அரிசி மணி அளவில் வையுங்கள்.

போன தையில் சித்தியின் இளைய மகளுக்குக் கல்யாணம். நலங்குக்கு நாலு நாள் முன்பு அவளை வாசலில் முக்காலி போட்டு உட்காரவைத்து, தாடையில் மூன்று கோடு இழுத்தேன். சித்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்தோம். இடது பக்கக் கோடு ஆரஞ்சாக ஏறியிருந்தது. வலது பக்கம் ரோஸ் தனியாகத் தெரிந்தது. சித்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து தேடினார்.

"நடுவுல ஒண்ணு போட்டியேம்மா, அது எங்க போச்சு?"

அந்தப் புட்டியைத்தான் வாங்கினோம்.